நல்ல முகம் உள்ளே

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நேர்கோடு என்றால்தான் தெரியும். தச்சர். ஐம்பத்திரண்டு வயது. காதில் எப்போதும் ஒரு பென்சில், தோளில் எப்போதும் ஒரு பை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் வாசற்கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பார். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டால் முகம் மலரும். அடியில் உரசினால் போச்சு, அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் குளியலறைக் கதவு ஈரத்தில் உப்பிச் சிக்கிக்கொண்டிருந்தது. அவர் பையிலிருந்து சின்ன இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தை இழைக்க ஆரம்பித்துவிட்டார். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

“நீங்க பாட்டுக்கு அழுங்க,” என்றார் அவர். “பத்து நிமிஷத்துல முடிச்சுடறேன்.”

மரம் வளையும். ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அது மரத்தின் குணம். அதை அப்படிச் செய்யவிடாமல் வைப்பது நேர்கோட்டின் குணம். முப்பது வருடமாக அவர் செய்தது இந்தச் சண்டை ஒன்றைத்தான். பலகைகளை மாதக்கணக்கில் அடுக்கிக் காயவைத்தார், பாரம் ஏற்றினார், குறுக்குச் சட்டம் அடித்தார், முதுகில் எண்ணெய் பூசினார். அவர் செய்த அலமாரிக் கதவு பத்து வருடம் கழித்தும் மயிரிழை பிசகாமல் நிற்கும். அதைப் பார்க்கவென்றே பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்கு அவ்வப்போது போய் வருவார். அவர்கள் வாசலில் அவரைக் கண்டதும் அலமாரியைத் தாங்களே திறந்து காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அவருடைய மனைவி, நாலு தெரு தள்ளி இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. முந்நூறு பிள்ளைகளை அதட்டாமலே அடக்கியவள். வீட்டில் அவள் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்க பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு மரத்துல மடல் மடலா செய்யணும். வளையற மாதிரி.”

“வளையற மாதிரியா?”

“ஆமா. தானா வளையணும்.”

“அதுக்கு நான் எதுக்கு? பலகையைக் கொண்டுபோய் மழையில போடு. அதுவே வளைஞ்சுட்டுப் போகுது.”

“கண்டபடி வளையக் கூடாதுங்க. வெயில் காலத்துல மூடிக்கணும், குளிர் காலத்துல திறந்துக்கணும். சொன்னபடி வளையணும்.”

“மரம் யார் சொல்லி வளைஞ்சிருக்கு? என்னைக் கேட்டா வளைஞ்சுது இத்தனை வருஷமும்?”

அவள் சொன்ன விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் மேற்குப் பக்கமாக ஐந்து வகுப்பறைகள். பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். கட்டியவருக்கு வெளிச்சத்தின் மேல் ஆசை இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மணிக்குப் பிறகு அங்கே உட்கார வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. கோடையில் கணக்கு டீச்சர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஐந்தாம் வகுப்புக்குப் போவார். பிள்ளைகள் மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்து, சூடு தாங்காமல் எடுத்துக்கொள்வார்கள். சரி, நிரந்தரமாக மறைப்பு வைக்கலாமென்றால் குளிர் மாதங்களில் அறை கிணறாகிவிடும். அப்போது ஹீட்டர் போட வேண்டும், ஹீட்டர் போட்டால் மின்சாரம் போய்விடும்.

இதற்கு அவளுடைய தம்பியிடம் ஒரு பதில் இருந்தது. அவன் ஏசி விற்பவன். அறைக்கு இரண்டு மெஷின். “குளிருக்கும் அதேதான்க்கா, ரிமோட்ல சூரியன் படத்தை அமுக்கினா சூடா வரும்,” என்று நிர்வாகக் குழுவுக்கே வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தான். தலைமை ஆசிரியைக்கு அதில் இஷ்டமில்லை. வருடம் முழுக்கப் பத்து மெஷின் ஓடினால் மின்சாரக் கட்டணம் போக நூலகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சமயத்தில்தான் ஒரு பொறியாளர் பெண் வந்து, மின்சாரமே வேண்டாம், மரத்தின் குணத்தையே வேலை வாங்கலாம் என்று செய்து காட்டினாள். முதலில் ஒரு அறைக்குப் போட்டுப் பார்ப்பது, பலித்தால் மீதி நாலுக்கும் போடுவது, பலிக்காவிட்டால் தம்பியின் ஏசி என்று குழுவில் முடிவானது.

“அது வரைக்கும் சரி,” என்றாள் அவள். பிறகு கைப்பையின் வாரைத் திருகினாள். அவள் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. “கூட்டம் அந்த மேற்கு அறையிலதான் நடந்துது. மத்தியானம் மூணு மணி. ஆளாளுக்குக் கிண்டல் பண்ணாங்க. சூட்டுல நானும் ஒண்ணு சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“இது சரிவரலேன்னா நாற்காலியை விட்டு எழுந்துடறேன்னு.”

நேர்கோடு காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், மறுபடி வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். ஜன்னல்களின் அளவை எழுதித் தரும்படி அவளிடம் சொன்னார்.

மச்சானுக்கு விஷயம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. “வாழ்நாள் பூரா கோணலை நிமிர்த்தினீங்க மாமா, கடைசியில கோணலுக்கே ஆர்டர் எடுத்துட்டீங்களே,” என்றான்.

“உன் மெஷினை விடக் கோணலா வராது மாப்ளே,” என்றார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் அதே வருத்தம்தான்.

பொறியாளர் பெண் பட்டறைக்கு வந்தபோது கையில் ஒரு பைன் காய் கொண்டுவந்தாள். செதில் செதிலாக விரிந்த, காய்ந்த காய். அதை ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டு வரைபடத்தை விரித்தாள். நேர்கோட்டுக்கு வரைபடத்தில் கண் நிற்கவில்லை. பேச்சுக்கு நடுவே நாலு தடவை எழுந்து போய்ப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். டீ வந்தபோது செதில்கள் எல்லாம் ஒட்ட மூடிக்கொண்டு, காய் முஷ்டி பிடித்த கை மாதிரி இருந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல கீல் எங்கம்மா இருக்கு?”

“கீல் கிடையாது சார். ஒவ்வொரு செதில்லயும் ரெண்டு அடுக்கு. ஒண்ணு ஈரத்துல நல்லா உப்பும், இன்னொண்ணு அவ்வளவா உப்பாது. உப்பற பக்கம் தள்ளுது, செதில் எதிர்ப்பக்கம் சாயுது. நம்ம மடலும் இதே மாதிரிதான். ஒரு பக்கம் மெல்லிசான மரத் தகடு, இன்னொரு பக்கம் உப்பாத சாம்பல் கலர் ஷீட். ரெண்டையும் ஒட்டணும். மேல் ஓரத்தை மட்டும் சட்டத்துல ஸ்க்ரூ போட்டு, கீழ் ஓரத்தைச் சும்மா விட்டுடணும். குளிர்ல காத்து ஈரமா இருக்கும், மரம் உப்பும், மடல் வெளிப்பக்கமா வளைஞ்சு வெயிலை உள்ள விடும். கோடையில காத்து காய்ஞ்சு கிடக்கும், மரம் சுருங்கும், மடல் உள்பக்கமா இழுத்துக்கிட்டு மூடிக்கும். அவ்வளவுதான்.”

அவர் காயை மேசையில் வைத்தார். “அப்போ இத்தனை நாள் நான் எதோட சண்டை போட்டேனோ,” என்றார், “அதையே கூலிக்கு வச்சிருக்கீங்க.”

ஒரு அறைக்கு மூன்று ஜன்னல், நூற்றிருபது மடல். இரண்டு வாரம் ஆயிற்று. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மரத் தகடுகளை அவரே தேர்ந்தெடுத்தார். தேன் நிறத்தில், அலை அலையாக ரேகை ஓடும் மரம். ஒட்டி, அழுத்தி, எடுத்துத் தடவிப் பார்த்தால் கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது. பின்பக்கம் அந்தச் சாம்பல் ஷீட். அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டங்களில் ஸ்க்ரூவுக்கான ஓட்டைகளைப் பொறியாளர் பெண்ணே எந்திரத்தில் போட்டு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு தாள். அதில் ஒரே வரி, அடிக்கோடு போட்டு: நல்ல முகம் உள்ளே.

அந்த வரியை அவர் மூன்று முறை படித்தார்.

தச்சு வேலையில் நல்ல முகம் என்று ஒன்று உண்டு. பலகையை எடுத்ததும் தச்சன் முதலில் பார்ப்பது அதைத்தான். எந்தப் பக்கம் ரேகை அழகோ, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவான். சுழி போட்ட பக்கம் மனிதர்கள் பார்க்கும் பக்கம். கதவானால் தெருவுக்கு, அலமாரியானால் அறைக்கு. முப்பது வருடத்தில் நேர்கோடு ஒரு சுழியைக்கூட உள்ளே திருப்பி வைத்ததில்லை. தேன் நிற மரத்தைக் கண்ணாடிக்கு முகம் காட்ட வைத்துவிட்டுச் சாம்பல் ஷீட்டை ஊருக்குக் காட்டுவதா? பாவம், படித்த பெண். வெளியே என்று எழுத வந்து உள்ளே என்று எழுதிவிட்டாள். சின்ன வயதில் யாருக்கும் நேர்வதுதான். கேட்டால் கூச்சப்படுவாள் என்று கேட்காமலே விட்டுவிட்டார். அவள் வேறு ஊரில் வேறு கட்டடத்தில் இருந்தாள்; எதற்குத் தொந்தரவு?

மாட்டும்போது இன்னொரு தப்பும் கண்ணில் பட்டது. ஓட்டைகள் மடலோடு பொருந்தவில்லை, எல்லாம் ஒரு விரல்கடை தள்ளித் தள்ளி இருந்தன. “அவசரம்,” என்று அதையும் மன்னித்தார். மடல் ஒன்றுக்கு நாலு வீதம் புதிதாகத் தானே ஓட்டை போட்டு, ஒரு வார விடுமுறையில் மூன்று ஜன்னலையும் முடித்தார். அந்த வாரம் முழுக்க மேகம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மடல்கள் சும்மா நின்றன. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். அந்தச் சுவரே ஒரு பெரிய அலமாரி மாதிரி மின்னியது.

பள்ளி திறந்து, அடுத்த புதன்கிழமை வெயில் வந்தது. இரண்டரை மணிக்கு மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, கொஞ்சம் பள்ளிக்கூடத்துக்கு வர்றீங்களா,” என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. இவ்வளவு அமைதியாக அவள் பேசினால் யாராவது அழப்போகிறார்கள் என்று அர்த்தம்.

போய்ப் பார்த்தார். நூற்றிருபது மடல்களும் வெயிலில் வாயைப் பிளந்த காக்கைகள் மாதிரி விரியத் திறந்திருந்தன. ஐந்தாம் வகுப்புக்குள் சூரியன் அப்படியே இறங்கியிருந்தது. கணக்கு டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு குடையும் பிடித்திருந்தார். பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். “சார், பள்ளிக்கூடம் நாக்கை நீட்டுது சார்,” என்றது ஒரு பெண் குழந்தை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தூறல் போட்டது. உடனே என்றில்லை, சாவகாசமாக, எல்லா மடலும் ஒன்றுவிடாமல் இறுக மூடிக்கொண்டன. அறை இருட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழு பார்க்க வருகிறது.

பொறியாளர் பெண்ணுக்குப் போன் போட்டார்கள். தலைமை ஆசிரியை பக்கத்திலேயே நின்றாள்.

“வெயிலுக்குத் திறக்குதும்மா,” என்றார் நேர்கோடு. “மழைக்கு மூடுது.”

“அது எப்படி சார்? நேர் எதிரா இருக்கே. முகம் எந்தப் பக்கம் இருக்கு?”

நேர்கோடு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“சார்? நல்ல முகம் எந்தப் பக்கம்?”

“லைன் சரியில்லம்மா,” என்றார். “ஒண்ணும் கேட்கல.”

“எனக்கு நல்லா கேட்டுது,” என்றாள் மனைவி.

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் படித்தாள். ஒரே வரிதான், ஆனாலும் வெகுநேரம் படித்தாள்.

“தெருவுல போறவங்க கண்ணுக்கு அந்தச் சாம்பல்தானே படும்,” என்றார் அவர். “அசிங்கமா இருக்குமேன்னு...”

“தெருவுல போறவங்களுக்கா நான் பள்ளிக்கூடம் நடத்துறேன்?”

அவர் ஏணியைத் தேடிப் போனார்.

வியாழக்கிழமை காலை மேற்கு அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். நூற்றிருபது மடல், நானூற்று எண்பது ஸ்க்ரூ. பத்து மடல் கழற்றுவதற்குள் ஏணிக்குக் கீழே யாரோ வந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் மச்சான்.

“நீ எங்க மாப்ளே இங்க? இது கெட்டா உனக்குத்தானே லாபம்.”

“அக்கா வேலையை விட்டா சும்மா வீட்டுல உட்காருமா?” என்றான் அவன். “நேரா என் கடைக்கு வந்து உட்கார்ந்து என்னைத் திருத்த ஆரம்பிச்சிடும். யோசிச்சுப் பார்த்தேன். பத்து மெஷின் போனாப் போகுது. ஸ்க்ரூவைப் போடுங்க, பிடிச்சுக்கறேன்.”

மத்தியானம் பொறியாளர் பெண் வந்து சேர்ந்தாள். சட்டத்தைப் பார்த்தாள். விரலால் ஓட்டைகளை எண்ணினாள்.

“சார், ஓட்டையை ஒரு ஓரமா தள்ளி வச்சதே, யாரும் தெரியாத்தனமா திருப்பி மாட்டிடக் கூடாதுன்னுதான்.”

“இப்பத் தெரியுதும்மா.”

“நீங்க அதுக்கும் புது ஓட்டை போட்டீங்களா?”

“ஒவ்வொண்ணுக்கும் நாலு. அளவு எல்லாம் சுத்தமா இருக்கும்.”

அவள் அவருடைய பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.

திருப்பி மாட்டினால் அவள் போட்ட ஓட்டைகளில் ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒன்றுகூடத் தள்ளி இல்லை. வெள்ளி காலை பத்து மணிக்கு மூன்று ஜன்னலும் முடிந்தன. இனி அவருடைய பழைய ஓட்டைகள். மரத்தூளைப் பசையில் குழைத்து ஒவ்வொன்றாக அடைத்து வந்தார். இரண்டு ஜன்னல் முடிந்தபோது குழு வந்துவிட்டது.

மூன்று பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். மற்ற இருவரும் அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். வெளியே வெயில் தீயாக இருந்தது. மடல்கள் சட்டத்தோடு ஒட்டி மூடியிருந்தன. தலைமை ஆசிரியை பக்கத்து அறைக்கு அவர்களை முதலில் கூட்டிப்போய் ஐந்து நிமிடம் நிற்கவைத்தாள். அப்புறம் இங்கே கொண்டுவந்தாள். அங்கே வெப்பமானி முப்பத்தேழு காட்டியது, இங்கே முப்பத்தொன்று. மூன்று பேரும் கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

“மூடினது சரி,” என்றார் பல் டாக்டர். “திறக்கிறதைப் பார்க்கணுமே.”

பொறியாளர் பெண் மூன்றாவது ஜன்னலின் கண்ணாடியைத் திறந்து, உள்பக்கமிருந்து செடிக்குத் தெளிக்கும் புட்டியால் தண்ணீர் தெளித்தாள். எல்லாரும் பிள்ளைகளின் பெஞ்சுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க, உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி எல்லாரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேர்கோட்டுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மரம் வளைய வேண்டுமே என்று இருந்தது. அவருடைய மனைவி மட்டும் உட்காரவில்லை. ஆசிரியர் நாற்காலி பக்கத்திலேயே காலியாக இருந்தும் சுவரோரம் நின்றாள்.

“ஏசின்னா ஒரு பட்டன்தான்,” என்றான் மச்சான் மெதுவாக. பழக்கதோஷம்.

டீ வந்தது. எல்லாரும் தட்டின் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது மடல்களுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பல் டாக்டர் கோப்பையோடு எழுந்து ஜன்னலருகில் போனார். குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னும் குனிந்தார்.

“இது என்ன, ஒரு மடலுக்கு எட்டு ஓட்டை? நாலுலதானே ஸ்க்ரூ இருக்கு?”

அவர் தொழிலே ஓட்டை தேடுவது. கண்ணில் படாமல் இருக்குமா?

“டிசைன்ல ஒரு சின்ன...” என்று பொறியாளர் பெண் ஆரம்பித்தாள்.

“காத்துக்கு டாக்டர்,” என்றான் மச்சான். “காத்து போக வர.”

பல் டாக்டர் ஒப்புக்கொள்கிறவர் மாதிரி தலையாட்டினார். மற்ற இருவரும் ஆட்டினார்கள். நேர்கோடு வாயைத் திறக்காமல் இருந்தால் அதோடு முடிந்துபோயிருக்கும். மனைவி கண்ணால் அவரிடம் ஏதோ சொன்னாள். அது பேசு என்பதா பேசாதே என்பதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலைமை ஆசிரியையின் புருஷன்தான் வேலையைக் கெடுத்தான் என்று தெரிந்தால் அவள் பேச்சு என்ன ஆகும் என்று நினைத்தார். பேசாமலிருந்தால் பழியை அந்தப் பெண் சுமக்க வேண்டும், அதையும் நினைத்தார். மீதி நாலு அறையிலும் காற்றுக்கு என்று சொல்லி உதவாத ஓட்டைகள் போடச் சொல்வார்களே என்றும் நினைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

“நாலு ஓட்டை அவங்களோடது,” என்றார். “நாலு என்னோடது. நல்ல முகம் உள்ளேன்னு எழுதிக் கொடுத்தாங்க. எனக்குத்தான் தெரியும்னு நினைச்சுத் திருப்பி மாட்டிட்டேன். புதன்கிழமை எல்லாம் தலைகீழா வேலை செஞ்சுது. நேத்தும் இன்னிக்கும் கழட்டி மாட்டினோம். தப்பு அவங்க மேலயும் இல்ல, டீச்சர் மேலயும் இல்ல.”

அவர் தன் மனைவியை டீச்சர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தப்பு என்னுடையது என்று யாரிடமாவது சொன்னதும் அதுதான்.

பல் டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தார்.

“எங்க தொழில்ல தப்பான பல்லைப் பிடுங்கிட்டா திருப்பி மாட்ட முடியாது,” என்றார். “நீங்க கொடுத்துவச்சவர்.” பிறகு திரும்பினார். “மீதி நாலு அறைக்கும் இதையே போட்டுடலாம் டீச்சர். நாலு ஓட்டையோட. என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? நாற்காலி சும்மாத்தானே இருக்கு, உட்காருங்க.”

அவள் உட்கார்ந்தாள். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருக்க வேண்டும், ஆனாலும் முழுக்கக் குடித்தாள்.

மற்றவர்கள் கலைந்த பிறகு நேர்கோடு மூன்றாவது ஜன்னலின் ஓட்டைகளை அடைக்க உட்கார்ந்தார். பல் டாக்டர் போகவில்லை.

“நிறம் எப்படிப் பொருத்தறீங்க?”

“அந்தந்தச் சட்டத்துல வந்த தூளையே பசையில குழைச்சுடுவேன் டாக்டர். அப்புறம் வித்தியாசம் தெரியாது.”

“எங்களுக்கு அந்த வசதி இல்ல,” என்றார் டாக்டர் பொறாமையோடு. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, “அந்தச் சின்னக் கரண்டியை இப்படிக் கொடுங்க. இந்த வரிசையை நான் பார்த்துக்கறேன்,” என்றார்.

கடைசி மணி அடித்தபோது தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றாள்.

“டாக்டர், குழுக்காரங்க ரெண்டு பேரும் உங்க கார்கிட்ட காத்துக்கிட்டிருக்காங்க.”

“ரெண்டு நிமிஷம் டீச்சர்,” என்றார் அவர், தலையைத் திருப்பாமல். “காயறதுக்கு முன்னாடி தேய்க்கக் கூடாதாம். உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கண்டிப்பா இருக்கார்.”